தெரு யாருக்குச் சொந்தம்?

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையிலே இளங்கோவடிகள் புகார் நகரத்தின் ஐந்து மன்றங்களை வருணிக்கின்றார். அவற்றுள் ஒன்று பூதசதுக்கம். தெருக்கள் கூடும் அவ்விடத்திலே ஒரு பூதம் உறைகின்றது. தவவேடத்தில் மறைந்து தீநெறியிற் செல்வோர், பிறர்மனை நயப்போர், பொய்ச்சான்று உரைப்போர், புறங்கூறுவோர் ஆகியோரைத் தன் பாசத்தாற் கட்டி அறைந்து உண்பது அதன் தொழில். கொடிய பூதந்தான். ஆயினும் அதனிடம் ஒரு நேர்மை இருந்தது. யாரைத் தண்டிக்கப் போகின்றது என்பதை நான்கு காத தூரம் கேட்கும் குரலில் அது முன்னரே கூறிவிடும். புகாரிலே வாழ்ந்தவன் சதுக்கத்தைக் கடக்கும்போது, அங்கே ஓர் அதிகாரம் நிற்கின்றது, அதன் விதி இன்னது என்பதை அறிந்தே கடந்தான்.

இக்காலத்து நகரங்களின் சதுக்கங்களிலும் பூதங்கள் இல்லாமற் போகவில்லை. அவை குரல் கொடுப்பதை விட்டுவிட்டன என்பதே வேறுபாடு.

தெரு, திடல், கடற்கரை, பூங்கா என்பவற்றைப் பொது இடம் என்கின்றோம். யாரிடமும் அனுமதி கேளாமல் எவரும் சென்று நிற்கத்தக்க இடம் என்பது அதன் பொருள். ஆனால் தெருவின் அகலம் எவ்வளவு, அதற்கு எந்த மொழியில் எந்தப் பெயர், எந்த நேரத்தில் எந்த ஒலி எழலாம், யார் நின்றால் நிற்கலாம், யார் நின்றால் ஏன் நிற்கின்றாய் என்று கேட்கப்படும் என்பன எல்லாம் தெருவிலே தீர்மானிக்கப்படுவனவல்ல. ஏதோ ஒரு கந்தோரின் மேசையிலே, சில வேளை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, அவை தீர்மானிக்கப்பட்டுவிட்டன. அன்றாடம் நடப்பவனுக்கு அந்தத் தீர்மானம் தெரியாது. ஊர்வலம் வரும் நாளிலோ கலகம் மூளும் நாளிலோதான் அது தன் முகத்தைக் காட்டும்.

கொழும்பு மாநகரை எடுத்துக்கொள்வோம். வடக்கே கொட்டாஞ்சேனையிலிருந்து தெற்கே வெள்ளவத்தை வரையில் நடந்தால் ஐந்தாறு மைல் தூரம். அந்தத் தூரத்துக்குள்ளே மறைந்த அதிகாரத்தின் வரலாறு முழுவதையும் கண்டுவிடலாம்.

கொழும்பு மாநகர சபையைத் தோற்றுவித்த சட்டம் 1865ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதே ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் பொலிஸ் கட்டளைச் சட்டமாகும். நகரத்தைப் பராமரிக்க ஒரு சபையும் நகரத்தாரை ஒழுங்கிலே வைக்க ஒரு சட்டமும் ஒரே ஆண்டிற் பிறந்தன. அப் பொலிஸ் சட்டத்திலே நகைப்புக்கிடமான ஒரு பிரிவு உண்டு. அனுமதிப்பத்திரம் பெறாமல் பறை கொட்டுதலையும், குதிரைகளை மிரளச்செய்யக்கூடிய பிற இசைக்கருவிகளைப் பயன்படுத்துதலையும், இரவிலே அயலாரின் உறக்கம் கெடுமாறு ஒலி எழுப்புதலையும் அது தடுத்தது. குதிரைவண்டியிற் செல்வோர் யார், பறை கொட்டுவோர் யார் என்பதை அக்காலத்துக் கொழும்பை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சட்டத்தின் சொற்களிலே இனமும் இல்லை, சமயமும் இல்லை. குதிரை மட்டுமே உண்டு. எனினும் கோயில் விழாவும் விகாரைப் பெரஹராவும் திருமண ஊர்வலமும் அந்தக் குதிரையைச் சாட்டி ஒரு பொலிஸ் உத்தியோகத்தரின் கையொப்பத்துக்குக் கட்டுப்பட்டன. இந்நாட்டிலே பறையும் மேளமும் இன்றி எந்தத் தெய்வம் வீதிக்கு வந்தது?

அந்தக் கையொப்பத்தின் வலிமை 1883ஆம் ஆண்டிலே கொட்டாஞ்சேனையில் வெளிப்பட்டது.

கொட்டாஞ்சேனை கொழும்பிலே கத்தோலிக்கர் நெருங்கி வாழ்ந்த பகுதி. புனித லூசியாள் பேராலயம் அங்கேதான் உள்ளது. அதற்கு அணித்தாகவே தீபதுத்தாராம விகாரையும் உள்ளது. 1873ஆம் ஆண்டிலே பாணந்துறையிற் கிறித்தவப் பாதிரிமாரோடு வாதம் புரிந்து புகழ்பெற்ற மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த விகாரை அது. 1883இன் தொடக்கத்திலே அவ்விகாரையிற் புதிய புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் விழா பல வாரங்கள் நடைபெற்றது. பல ஊர்களிலிருந்து காணிக்கை ஊர்வலங்கள் மேளதாளத்தோடு வந்தன. அதே வாரங்கள் கத்தோலிக்கருக்குத் தவக்காலம். அமைதியாய் நோன்பிருந்து மன்றாடும் காலத்திலே ஆலயத்துக்கு அருகே பறை ஒலிப்பது அவர்களுக்குத் துன்பமாயிருந்தது. அனுமதி பெற்று வரும் ஊர்வலத்தை நிறுத்துவது பௌத்தருக்கு அவமானமாகத் தோன்றியது. இரு பக்கத்தாரிடமும் நியாயம் இருந்தது என்பதே அந்நிகழ்ச்சியின் துயரம்.

மார்ச்சு 25ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு. அன்று பொரளையிலிருந்து ஓர் ஊர்வலம் கொட்டாஞ்சேனை நோக்கிப் புறப்பட்டது. தம் சமயத்தை இழிவுபடுத்தும் உருவங்களை அது சுமந்து வருகின்றது என்ற வதந்தி கத்தோலிக்கரிடையே பரவியது. ஆலய மணி ஒலித்தது. தடிகளும் கற்களும் பறந்தன. பலர் காயமுற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. அரசாங்கம் விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. ஆயினும் தண்டனை பெற்றவர் எவருமிலர்.

தெருவிலே மோதிக்கொண்டவர்கள் அயலவர்கள். ஆனால் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தத் தெருவழியாக ஊர்வலம் செல்லலாம் என்று கூறும் உரிமை அயலவர்களிடம் இல்லை. அந்த உரிமையைத் தன் கையில் எடுத்துக்கொண்ட மூன்றாவது ஆள் அங்கே அடிபட்டவனும் அல்லன், அடித்தவனும் அல்லன். நூற்றாண்டுகளாகச் செவிவழி உடன்பாட்டால் ஒழுங்குபட்டிருந்த ஒரு காரியம் காகிதத்துக்கு மாறியபோது, அயலவனோடு பேசவேண்டிய தேவை குறைந்தது. அனுமதிக் காகிதம் கையில் இருந்தால் போதும் என்றாயிற்று. பழைய உடன்பாடுகள் எல்லாம் நீதியானவை என்று இதற்குப் பொருளன்று. சாதியின் பெயரால் கோயில் வீதியிலும் தேர் வடத்திலும் விதிக்கப்பட்ட தடைகள் காகிதத்தில் எழுதப்படாதவை. அவற்றைப்போற் கொடியனவும் வேறில்லை. மறைந்த அதிகாரம் அரசாங்கத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை நினைவிற் கொள்வது நன்று.

கொட்டாஞ்சேனைக் கலகத்தின் விளைவு எதிர்பாராத வேறொரு திசையிலே சென்றது. நீதி கிடைக்கவில்லை என்று முறையிடும் பொருட்டுக் கேணல் ஒல்கொட் 1884ஆம் ஆண்டிலே இலண்டனுக்குச் சென்றார். 1885ஆம் ஆண்டிலே வெசாக் பூரணை அரசாங்க விடுமுறை நாளாயிற்று. அதே வெசாக்கிலே பௌத்த கொடியும் முதன்முதல் ஏற்றப்பட்டது. தெருவைப் பற்றி எழுந்த பூசல் நாட்காட்டியிலே போய் முடிந்தது. வியப்புக்குரியதன்று. தெருவை ஆள்வதற்கு நாளை ஆள்வதும் ஒரு வழி. யாருக்கு என்று ஓய்வோ, அவர்களே அன்று தெருவை நிறைப்பர். இதற்குப் பிற்காலத்துச் சான்றொன்றும் உண்டு. 1966ஆம் ஆண்டிலே இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறை நீக்கப்பட்டு, பூரணை, அமாவாசை, அட்டமி ஆகிய போயா நாட்கள் விடுமுறையாயின. 1971 வரை அந்த முறை நீடித்தது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அவ்வாண்டுகளில் ஞாயிறு பெரும்பாலும் வேலைநாள். தெருவிலே ஒரு கல்லையேனும் மாற்றாமல், ஒரு காவலரையேனும் நிறுத்தாமல், ஞாயிறு காலையின் தோற்றமே மாற்றப்பட்டுவிட்டது.

பறையைப் பற்றிய வழக்கு கொழும்போடும் நிற்கவில்லை. கம்பளையிலே வலகாகொட தேவாலயத்தின் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கும்போது இசையை நிறுத்த வேண்டும் என்று 1912இல் அதிகாரிகள் விதித்தனர். 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையைக் காட்டித் தேவாலயத்தார் வழக்காடினர். 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. அதே ஆண்டு மே மாத இறுதியிலே கண்டியில் மூண்ட சிங்கள முஸ்லிம் கலகம் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. நூறு யார் தூரத்துக்கு மேளத்தை நிறுத்துவதா இல்லையா என்னும் கேள்வி அத்தனை உயிர்களைக் கொண்டது.

தமிழருக்கு மிக அணுக்கமான ஊர்வலம் ஆடிவேல். அதன் தோற்றத்திலும் ஓர் அரசாங்கத் தடை உண்டு. கதிர்காம யாத்திரையால் வாந்திபேதி பரவுகின்றது என்று கூறி 1870களிலே ஆங்கில அரசாங்கம் யாத்திரிகரைக் கட்டுப்படுத்தியது. கதிர்காமத்துக்குச் செல்ல இயலாதபோது, கொழும்பிலே வணிகம் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் பிறரும் நகரத்துக்குள்ளேயே வேலை எழுந்தருளச் செய்தனர். செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் உள்ள கோயில்களிலிருந்து வெள்ளி இரதங்கள் புறப்பட்டுக் காலி வீதிவழியே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் சென்று, அங்கே சில நாட்கள் தங்கித் திரும்பும். கரும்பும் வளையலும் இனிப்பும் விற்கும் கடைகள் வீதியோரம் நிறையும். சிங்களவரும் முஸ்லிம்களும் பிள்ளைகளை அழைத்துவந்து வேடிக்கை பார்ப்பர். காட்டுவழி யாத்திரையைத் தடுத்த கை, தானறியாமலே மாநகரின் தலைத்தெருவைத் தமிழருக்கு ஆண்டில் ஒரு முறை திறந்துவிட்டது. மறைந்த அதிகாரம் தான் நினைத்ததை மட்டும் விளைவிப்பதில்லை.

வேல் செல்லும் வழியிலேயே நாமும் தெற்கு நோக்கிச் சென்றால் கோட்டையைத் தாண்டியதும் காலிமுகத்திடல் வருகின்றது. ஒருபுறம் கடல், மறுபுறம் பரந்த புல்வெளி. பட்டம் விடும் சிறுவரும் இறால் வடை விற்பாரும் காற்று வாங்குவாருமாக, கொழும்பிலே எல்லா வகுப்பினரும் ஒருங்கே கூடும் இடம் இதுபோல் வேறில்லை. ஆனால் அந்த வெளி இயற்கையாய் அமைந்ததன்று. கோட்டையை நோக்கி வரும் பகைவனைப் பீரங்கிக்கு இலக்காக்கும் பொருட்டு ஒல்லாந்தர் அதனை மறைப்பின்றி வெளியாக வைத்திருந்தனர். சுடுவதற்கென்று வெறுமையாக்கப்பட்ட நிலமே பின்னர் உலாவும் நிலமாயிற்று. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் அங்கே நடைபாதை அமைக்கத் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் சீமாட்டிகளுக்கும் பிள்ளைகளுக்குமாகத் தமக்குப்பின் வரும் ஆளுநர்கள் அதனைப் பேணவேண்டும் என்று கல்லிலும் பொறித்து வைத்தார். எந்தச் சீமாட்டிகள், எவர் பிள்ளைகள் என்று கல் கூறவில்லை. குதிரைப் பந்தயம் அத் திடலிலேதான் நடந்தது. அதனைப் பார்த்து மகிழ அமைந்த கொழும்புக் கழகத்திலே ஐரோப்பியர் மட்டுமே உறுப்பினர். 1893இலே பந்தயம் கறுவாத்தோட்டத்துக்குச் சென்றது.

1930ஆம் ஆண்டிலே திடலின் வடபுறத்திற் சட்டசபைக் கட்டடம் எழுந்தது. பின்னர் அதுவே பாராளுமன்றமாயிற்று. நாட்டை ஆளும் சபையின் வாயிலும் நாட்டுமக்கள் உலாவும் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்தன. குடிமகன் ஒருவன் நடந்தே சென்று தன் பிரதிநிதியின் கண்முன் நிற்கலாம். 1956 ஜூன் 5ஆம் நாள், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதா சபைக்கு வந்தபோது, எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையிலே தமிழரசுக் கட்சியினர் அப் புல்வெளியில் அமைதியாய் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். குண்டர் கூட்டம் அவர்களைத் தாக்கியது. பொலிசார் பார்த்து நின்றனர். அ. அமிர்தலிங்கம் தலையிற் காயத்தோடு சபைக்குட் சென்றார். அன்று அத் திடலிலே தமிழர் அமர்வதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இருக்கவில்லை. காப்பாற்ற வேண்டியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதே போதுமாயிற்று. அதிகாரம் செயற்படுவதால் மட்டுமன்றி, செயற்படாதிருப்பதாலும் ஓர் இடத்தை ஒருவனுக்கு இல்லையாக்கலாம் என்பதைக் கொழும்புத் தமிழர் அன்று கண்டனர்.

1982ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டைக்கு மாறியது. ஜெஃப்ரி பாவா அமைத்த அக்கட்டடம் தியவன்னா ஓயாவின் நீர்நடுவே நிற்கும் அழகு உலகறிந்தது. அழகைப் பாராட்டும்போதே வேறொன்றையும் நோக்கவேண்டும். முன்னே புல்வெளி இருந்த இடத்தில் இப்போது நீர் இருக்கின்றது. சபையை அணுக ஒரு சில வழிகளே உண்டு. அவ்வழிகளை அடைத்துவிட்டால் போதும். 2022 ஜூலையிலே பாராளுமன்றத்தை நோக்கிச் சென்ற கூட்டம் பொல்துவைச் சந்தியிலே தடுக்கப்பட்டது. பழைய மன்னர் கோட்டையைச் சுற்றி அகழி வெட்டினர். யாவரும் அதனை அகழி என்றே அழைத்தனர். இன்றைய அகழிக்கு நீர்க்காட்சி என்று பெயர்.

காலிமுகத்திடலுக்கே திரும்புவோம். 2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின்னர், பழைய பாராளுமன்றக் கட்டடத்தில் இயங்கும் ஜனாதிபதி செயலகத்துக்கு எதிரே, ஆர்ப்பாட்டம் செய்வதற்கென்று ஓரிடம் ஒதுக்கப்பட்டுப் பெயர்ப்பலகையும் நாட்டப்பட்டது. எதிர்ப்புக்கு இடங்கொடுத்தது பெருந்தன்மையெனச் சிலர் பாராட்டினர். ஆனால் இங்கே எதிர்க்கலாம் என்று பலகை நாட்டுவது, மற்ற இடங்களிலே கூடாது என்று சொல்லாமற் சொல்வதுமாகும். 2022 ஏப்ரல் 9ஆம் நாள் முதல் அந்த இடத்தைச் சுற்றியே மக்கள் திரண்டு கூடாரமிட்டனர். மே 9இல் அவர்கள் தாக்கப்பட்டனர். ஜூலை மாதத்திலே ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறிப் பதவி துறந்தார். ஜூலை 22ஆம் நாள் விடியுமுன் படையினர் வந்து கூடாரங்களை அகற்றினர். இவற்றுக்கிடையே மே 18ஆம் நாள், முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை அத் திடலிலே நினைவுகூர்ந்து கஞ்சி வழங்கினர். சிங்கள இளைஞரும் மதகுருமாரும் உடனிருந்தனர். 1956இலே தமிழர் அமர்ந்து அடிபட்ட அதே புல்வெளி அது.

அவ்வாண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் கொழும்பின் பல பகுதிகளை உயர் பாதுகாப்பு வலயங்களாக்கி வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. வழக்கறிஞரும் பொதுமக்களும் எதிர்த்தனர். ஒரு வாரம் சற்றே கழிந்ததும் அது மீளப்பெறப்பட்டது. எழுத்திலே வந்த கட்டளையாதலால் எதிர்த்து வாதிட இயன்றது. தொலைபேசியிலே வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்தால் எதனை எதிர்த்து வாதிடுவது?

திடலைக் கடந்து கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி வழியே வெள்ளவத்தையை அடைவோம். காலி வீதியின் இருமருங்கும் புடைவைக் கடைகள், நகைக் கடைகள், சைவ உணவகங்கள். மேற்கே கடலை நோக்கி ஒழுங்கைகள் இறங்குகின்றன. எந்த ஒழுங்கையில் இறங்கினாலும் இறுதியிலே கடல் தெரியும். ஆனால் கடலுக்குப் போகுமுன் இருப்புப்பாதையைக் கடக்க வேண்டும். கொழும்பிலிருந்து மொறட்டுவைக்குக் கரையோரப் புகையிரதப் பாதை 1877இலே திறக்கப்பட்டது. அரசாங்கம் அப்பாதையை ஊருக்கும் கடலுக்கும் நடுவே, அலை தெறிக்கும் அணித்தே இட்டது. அன்று முதல் வெள்ளவத்தையின் கடற்கரை ஊராரின் முற்றமாயிருந்த நிலை மாறி, தண்டவாளத்துக்கு அப்பாற்பட்டதாயிற்று. மாலையிலே பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு இருபுறமும் பார்த்து விரைந்து கடக்கும் தாய்மாருக்கு, தாம் ஓர் 1877ஆம் ஆண்டுத் தீர்மானத்தைக் கடக்கின்றோம் என்ற எண்ணம் எழுவதில்லை. இந்நூற்றாண்டிலே தண்டவாளத்தின் இப்பக்கமாக மரைன் டிரைவ் வீதியும் அமைந்தது. காற்று வாங்குவோருக்கு அது வசதிதான். மோட்டார் வண்டிகள் விரையும் மற்றொரு கோட்டையும் கடக்கவேண்டியதாயிற்று என்பதும் உண்மை.

இருப்புப்பாதையாவது கண்ணுக்குத் தெரிகின்றது. வெள்ளவத்தைத் தமிழரின் வாழ்வை வேறெதையும்விட ஆழமாய்த் தொட்ட அதிகாரம் கண்ணுக்குத் தெரியாதது. அது பெயர்ப்பட்டியல்.

நகரத்துத் தெரு மனிதனுக்கு அளிக்கும் பெருங்கொடை யாதெனில், அவன் யாரென்று கேளாமல் அவனை நடக்க விடுவது. கிராமத்து வழியிலே யார் மகன், எந்த ஊர், எங்கே பயணம் என்று நூறு கேள்வி எழும். மாநகர் கேட்பதில்லை. கிராமத்தின் சாதிக் கண்ணுக்குத் தப்பி நகருக்கு வந்து நிமிர்ந்து நடந்தவர் பலர். அந்தக் கொடையைப் பட்டியல் பறித்துவிடும். 1983 ஜூலை 24ஆம் நாள் பொரளைக் கனத்தை மயானத்திலே, யாழ்ப்பாணத்திற் கொல்லப்பட்ட 13 படைவீரரை அடக்கஞ் செய்வதற்காகக் கூட்டம் திரண்டு காத்திருந்தது. உடல்கள் வரத் தாமதித்தன. இத்தனை பேரை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், தலைநகரிலே அடக்கஞ் செய்வதென்று மேலிடத்தில் எடுத்த முடிவே பொது இடமொன்றை வெடிமருந்தாக்கியது. அன்றிரவு மூண்ட தீ மறுநாள் வெள்ளவத்தைக் கடைகளையும் வீடுகளையும் எரித்தது. வந்தவர்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துத் தமிழர் வீடுகளைத் தேடினர் என்று அக்காலத்துப் பதிவுகள் பல கூறுகின்றன. வாக்களிக்கும் உரிமைக்கென எழுதிய பெயர், தெருவிலே எந்த வாசலை உடைப்பது என்பதற்கும் பயன்பட்டது. அதற்குப் பின்னர் பல ஆண்டுகள் ஆடிவேல் ஊர்வலமும் காலி வீதிக்கு வரவில்லை.

போர்க்காலத்திலே வீட்டிலுள்ளோர் பெயர்களைப் பொலிசுக்கு எழுதிக் கொடுப்பது கொழும்புத் தமிழ்க் குடும்பங்களின் வழக்கமாயிற்று. அவசரகால விதிகள் ஒருபுறமிருக்க, வீட்டுக்காரரிடம் அத்தகைய பட்டியலைக் கேட்டு வாங்கும் அதிகாரம் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலும் உண்டு. பறைக்கு அனுமதி கேட்ட சட்டமேதான், ஆளுக்கும் கணக்குக் கேட்டது. வடக்கு கிழக்கிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இரண்டு நாள் தங்கினாலும் நிலையத்துக்குச் சென்று பதிய வேண்டும் என்ற அச்சம் இருந்தது. சோதனைச் சாவடியிலே அடையாள அட்டையை நீட்டும்போது, பிறந்த இடம் யாழ்ப்பாணமாயின் ஒரு பார்வை, கொழும்பாயின் வேறொரு பார்வை. தெரு ஒன்றே, நடப்பவனுக்கேற்ப அதன் நீளம் மாறியது.

2007 ஜூன் 7ஆம் நாள் விடியற்காலையிலே இது உச்சத்தை அடைந்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள லொட்ஜ்களிலே பொலிசார் புகுந்து, முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினர். கடவுச்சீட்டுக்காகவும் வெளிநாட்டு விசாவுக்காகவும் மருத்துவத்துக்காகவும் வந்து தங்கியோரும், போரினின்றும் விலகி வந்தோரும் அத்தகைய லொட்ஜ்களிலே தங்குவது வழக்கம். தக்க காரணமின்றிக் கொழும்பிலே தங்கியிருக்கின்றனர் என்பதே அதிகாரிகள் கூறிய விளக்கம். தன் நாட்டின் தலைநகரத்திலே தங்குவதற்குக் குடிமகன் காட்டவேண்டிய தக்க காரணம் எது? அந்தக் கேள்வி எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்பட்டதன்று. ஆனால் பல ஆண்டுகளாகச் சோதனைச் சாவடிகளிலே மெல்லிய குரலில் கேட்கப்பட்டு வந்த கேள்வியே அது. அன்று காலை அது பேருந்தாகி வாசலிலே வந்து நின்றது.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடியது. மறுநாளே, ஜூன் 8ஆம் நாள், வெளியேற்றத்தை நிறுத்துமாறு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதற்கிரண்டு நாள் கழித்துப் பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். அனுப்பப்பட்டவருட் பலர் திரும்பி வந்தனர். இந்நிகழ்ச்சியிற் குறிப்பிடத்தக்கது நீதிமன்றத்தின் விரைவு மட்டுமன்று. மறைவாய் இயங்கி வந்த அதிகாரம் பேருந்துகளோடு வெளிப்படையாய் வந்துவிட்டதாலேயே அதனைப் பெயர்சொல்லி எதிர்க்க முடிந்தது. அதற்கு முன்னர் ஒவ்வொருவராய், இரவு நேரத்திலே, விளக்கம் கேட்கப்பட்டவர்களுக்கு எந்த நீதிமன்றமும் எட்டவில்லை.

ஒழுங்கே வேண்டாம் என்று எவரும் வாதிடார். நாற்சந்தியிலே வழிகாட்டும் காவலரும், நள்ளிரவில் ஒலிபெருக்கியைத் தடுக்கும் விதியும் இல்லாத நகரிலே வலியவன் தெருவே தெருவாகும். போர்க்காலத்திலே கொழும்பிற் குண்டுகள் வெடித்ததும், 2019 ஏப்ரல் 21ஆம் நாள் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலே வழிபட வந்தோர் மடிந்ததும் கற்பனையல்ல. சோதனை வேண்டிய நாட்கள் உண்டு. அச் சோதனையின் விதி யாது, அது யாருக்குப் பொருந்தும், எந்நாள் வரை, பிழை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பவற்றைப் புகார்ப் பூதம்போல உரத்துச் சொல்கின்றார்களா என்பதே கேள்வி.

ஆடிவேல் மீண்டும் கொழும்பு வீதிகளுக்கு வந்துவிட்டது. செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வெள்ளி இரதம் கோட்டையைக் கடந்து, பழைய பாராளுமன்றத்தையும் கடலை நிரப்பி எழுந்த துறைமுக நகரத்தையும் பார்த்தவாறு திடலின் ஓரமாய்த் தெற்கே செல்கின்றது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. பொது இடத்திலே ஊர்வலம் நடத்துவோர் ஆறு மணி நேரத்துக்கு முன்னரேனும் அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று அது கூறுகின்றது. பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கடை வாயில்களிலே நிறைகுடம் வைத்துக் காத்திருப்போர், இரதம் எத்தனை மணிக்கு வரும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வடக்கே நோக்கி நிற்கின்றனர்.